எட்டாவது துளை

வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் திரும்பியிருந்தன.

முதல் நாள் காலையில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய இரவு கதவைச் சாத்தும்போது அக்காவின் ரப்பர் செருப்பு, அத்தானின் பட்டறை பூட்ஸ், தன்னுடைய நடைச் செருப்பு என்று மூன்று ஜோடியையும் சுவரோரமாக நேராக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். கோணலாக எதையும் பார்க்கப் பொறுக்காதவள் என்று சின்ன வயதிலிருந்தே அக்கா அவளைக் கேலி செய்வதுண்டு. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது மூன்று ஜோடியும் ஒரே கோணத்தில் திரும்பி, முனைகள் வாசல் கதவைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்திலிருந்த கூடத்து ஜன்னலைப் பார்த்தபடி, யாரோ மூன்று பேர் ஜன்னல் வழியாக உள்ளே போகத் தயாராக நின்றதுபோல் கிடந்தன. நாய் இழுத்திருக்கும் என்று நேராக்கி வைத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அத்தானிடம் கேட்டாள்.

அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "கவர்மென்ட் செருப்பு வந்து இறங்கியிருக்கில்ல, அதான் நம்ம வீட்டுச் செருப்பெல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார். ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. இரும்பைத் தவிர வேறெதுவும் அவரைக் கவலைப்பட வைத்து அவள் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கண்புரை எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. மூன்று வேளையும் சொட்டு மருந்து. அத்தானுக்கு லீவு கிடைக்காது. அதனால் அவள் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வர மனமில்லாமல் வந்தாள் என்பதுதான் நிஜம். அக்கா இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியும் அவள் இங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் ஆபீஸ், தலைவலி, கடைசி பஸ் என்று ஏதாவது ஒன்று. அக்கா ஒருநாளும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. பெரிய வேலையில் இருப்பவளுக்கு ஆயிரம் இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிற குணம் அக்காவுக்கு.

அந்தப் பெரிய வேலை ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தது. ஆறுகள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், நூறு இருநூறு வருடத்தில் வழி மாறிப் போய்விடும். விட்டுப்போன இடத்தில் வளைந்த ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் மணல் மேடு, சுற்றிலும் இருப்பதைவிடக் கொஞ்சம் கரும்பச்சையான புல் என்று ஒரு தடம் மிஞ்சும். அப்படிப்பட்ட தடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அளந்து, துளைபோட்டு மண் எடுத்துப் பார்த்து, காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ப்பது அவள் பிரிவின் பொறுப்பு. பட்டியலில் ஏறிவிட்டால் அங்கே யாரும் தூர்க்க முடியாது, கட்டவும் முடியாது. அடுத்த பெருவெள்ளத்தில் ஆறு முதலில் தேடிக்கொண்டு வருவது அந்தப் பழைய வழியைத்தான் என்று பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள்.

இந்தக் குடியிருப்பு இருக்கும் இடம் ஐந்து வருடத்துக்கு முன் அவள் மேஜைக்கு வந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த பழைய படத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு மங்கலாகத் தெரிந்தது. தடமா இல்லையா என்று உறுதிசெய்யப் பன்னிரண்டு துளை போடவேண்டும். ஏழு போட்டாயிற்று. ஏழிலும் கெட்டிக் களிமண். மீதி ஐந்து துளைக்கான இடம் இடுப்பளவு முள்ளும் சேறுமாகக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ரிப்போர்ட் திங்கட்கிழமை போயாக வேண்டும். அன்று மாலை வீட்டில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஏழாவது துளையைப் பார்த்து எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதினாள். ஆழத்தை மட்டும் அங்கங்கே அரை விரல்கடை மாற்றினாள், நிஜம்போல் இருப்பதற்காக. தடம் இல்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

யாரும் அவளை மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் பழியில் பாதியை அவர்கள் தலையில் போட்டிருக்கலாம். முள்ளுக்கும் வெயிலுக்கும் அலுத்துப்போய்ச் செய்த காரியத்தை எந்த வாயால் சொல்வது?

இரண்டு வருடம் கழித்து அக்கா போன் செய்து, அந்தப் பக்கம் வீடு கட்டி விற்கிறார்களாம், நீ அளந்த இடம்தானே, நல்ல இடம்தானே என்று கேட்டாள். அவளுக்குக் காது மடல் சுட்டது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, நல்ல இடம்தான் என்று சொன்னாள்.

*

நான்காம் நாள் கூடத்தைத் துடைத்தபோது, துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்வதற்குள் தரையில் சிந்தியிருந்த தண்ணீர் ஜன்னலடியிலிருந்து கிளம்பி, டிவி மேஜையைச் சுற்றி மெல்ல வளைந்து, அடுப்படிக் கதவை நோக்கி ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்து போவதைப் பார்த்தாள். அத்தானின் கருவிப் பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்துப் பார்த்தாள். குமிழ் நட்டநடுவில் நின்றது. தரை மட்டமாகத்தான் இருந்தது. அதே இடத்தில் ஒரு வெங்காயத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு, வயதானவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுபோல் ஒருமுறை தயங்கி அசைந்து, உருள ஆரம்பித்தது. தண்ணீர் போன அதே வளைவில் போய், அடுப்படி தாண்டி, பின்கதவில் முட்டி நின்றது.

அக்கா கட்டிலிலிருந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். வெங்காயம் விழுந்துவிட்டது என்றாள் அவள்.

மத்தியானம் அக்கா தூங்கியபின் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். தெருவில் சைக்கிள் மணி, எங்கோ குக்கர் விசில், மேலே விசிறி சுற்றும் கிறீச், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிய பிறகு, காது தரையோடு பட்டிருந்த பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் மேலே வந்தது. மூட்டை மூட்டையாகக் கோலிக்குண்டுகளை யாரோ வெகுதூரத்தில் மெதுவாகக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோன்ற சத்தம். அவளுக்கு அது தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில், வெள்ளம் போகும் ஆற்றில் படகிலிருந்து ஒரு குழாயை இறக்கிக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றின் அடியில் கூழாங்கற்கள் உருண்டு போகும் சத்தம் அது. அன்றைக்கு அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இப்போது தலையைத் தூக்கினாள். விசிறி மட்டும் கேட்டது. மறுபடி தலையை வைத்தாள்.

உருண்டது. நிற்காமல் உருண்டது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சர் அக்காவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர், நிறையப் பேசுகிறவர். வீட்டில் புத்தக அலமாரியில் எத்தனை தடவை அடுக்கினாலும் புத்தகமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கிறது, வயசானால் கைக்கு வளைவு வந்துவிடும்போல என்று சிரித்தார். சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே இந்த இடத்தையெல்லாம் அளந்தது? உங்கக்கா சொல்லித்தான் நானே இங்க வந்தேன். எங்க தெருவில பாதிப்பேரு அதைக் கேட்டு வந்தவங்கதான்."

அக்கா கண் கட்டின்மேல் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெருமையாகத் தலையாட்டினாள். ஆட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைவுபடுத்திவிட்டு, டீ போடுகிற சாக்கில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். உள்ளேயிருந்து டீத்தூள் வாசனை வரவில்லை. பாசியும் அழுகின இலையும் குளிர்ந்த கல்லும் சேர்ந்த ஆற்றங்கரை வாசனை வந்தது. கையை விட்டுப் பார்த்தாள். தூள் பொடிபொடியாக உலர்ந்துதான் இருந்தது.

மறுநாள் அத்தான் பட்டறைக்குப் போனதும் சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு கிடந்த இடம், ஜன்னல், வெங்காயம் போன வழி, தானாக நகர்ந்திருந்த ஸ்டூலின் கால், பின்கட்டில் துணிக் கொடிக்குக் கீழே கிளிப்புகள் ஒதுங்கியிருந்த மூலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் ஏற்றினாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, ஐந்து வருடமாகத் திறக்காத அந்தப் பழைய படத்தைத் திறந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

பார்க்கவே வேண்டியதில்லை. லாடத்தின் வளைவு டீச்சர் வீட்டைத் தாண்டி, தெருவைக் குறுக்கே வெட்டி, அக்கா வீட்டு ஜன்னலில் நுழைந்து, கூடத்தில் திரும்பி, பின்கட்டு வழியாக வெளியே போனது. எட்டாவது துளைக்குக் குறித்திருந்த சிவப்புப் புள்ளி, அக்கா துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.

*

ஆகர்காரரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னாள். ஆகர் என்பது கையால் திருகித் திருகி மண்ணுக்குள் இறக்கும் துளைக்கருவி. பதினேழு வருடமாக அவள் போன இடத்துக்கெல்லாம் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். எந்த இடம் என்று போனில் சொன்னாள். வருகிறேன் என்றார்.

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சும்மா பார்க்கப்போகிறோம் என்று அக்காவிடமும் அத்தானிடமும் சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறாளே என்று அக்கா வருத்தப்பட்டாள்.

முதல் அரை மீட்டர் கட்டடக் குப்பை. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது மூன்று மீட்டர் வரைக்கும் கெட்டிக் களிமண் என்று. ஆகர்காரர் திருகி, தூக்கி, மண்ணைத் தட்டி, வரிசையாகச் சாக்கின்மேல் வைத்துக்கொண்டே வந்தார். வந்ததெல்லாம் மணல். கழுவிக் காயவைத்த மாதிரி சுத்தமான, சொட்டு ஈரமில்லாத மணல். இரண்டு மீட்டரில் கூழாங்கற்கள் வந்தன, கோழிமுட்டை மாதிரி வழவழவென்று. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் அது ஒருமுறை, மெல்ல, தானாகப் புரண்டது. கீழே போட்டாள்.

ஆகர்காரர் மூன்றாவது கம்பியைக் கோத்துத் திருகினார். பிறகு நிறுத்தினார். அவர் கையை எடுத்த பிறகும் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது. அரைச் சுற்று. இன்னொரு அரைச் சுற்று. கம்பி பின்சுவர் பக்கமாகச் சாய்ந்தது, வேகமாகப் போகும் தண்ணீரில் ஊன்றிய கழி சாய்வதுபோல். அவர் எட்டிப் பிடிப்பதற்குள் கைப்பிடியோடு சேர்த்து எல்லாக் கம்பியும் உள்ளே போய்விட்டது. எங்கேயும் இடித்த சத்தம் இல்லை, விழுந்த சத்தமும் இல்லை.

இரண்டு பேரும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். ஆகர்காரர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே கொண்டுவந்து குடுத்தேன் மேடம்" என்றார்.

அவள் சாக்கின் முனையை மடித்து மணலின்மேல் போட்டாள்.

அது அவளுக்குள் அவளே போகாத ஓர் அறை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிப்போர்ட் போவதற்கு முந்தைய நாள், அவர் தன்னந்தனியாக முள்ளை வெட்டிக்கொண்டு போய் எட்டாவது துளையைப் போட்டிருந்தார். மனசு கேட்கவில்லையாம். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி, தன் கோணல் எழுத்தில் எட்டு என்று சீட்டு ஒட்டி, அவள் மேஜையில் வைத்தார். ஃபைல் இன்னும் போகவில்லை. அவள் கைக்குக் கீழேயே இருந்தது. பையைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கலாம் அண்ணே என்றாள். அவர் போனதும் பையைக் குப்பைக்கூடையில் போட்டு, மேலே நாலு கசங்கின தாளைப் போட்டு மூடினாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து வருடமாக இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் போய்வந்தார்கள். அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், தப்பு செய்தவர் அவர் என்பதுபோல.

"இன்னிக்கே சொல்லிடுங்க. உங்கக்காகிட்டயாவது சொல்லிடுங்க. இங்க ராத்திரி யாரும் படுக்கவேண்டாம்."

"சொல்லிடறேண்ணே."

"எதிர்வீட்டம்மாகிட்டயும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவர் ஒரு பலகையை எடுத்துத் துளையை மூடி, மேலே துவைக்கிற கல்லைத் தள்ளி வைத்தார். சாக்கை உதறினார். போகும்போது வாசலில் அவர் செருப்பும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார்.

*

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தாள். சாப்பிடும்போது அத்தான் பட்டறைக் கதை ஒன்றைச் சொல்லி அக்காவைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று அக்கா சிரித்துக்கொண்டே அவரை அதட்டினாள். சாப்பிட்டபின் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அப்போது அக்காவின் சிநேகிதி போனில் வந்தாள். அக்கா அவளிடம், எனக்கென்ன, தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகூட நம்ம வீட்டுத் தண்ணியைச் சோதிச்சுக்கிட்டு இருக்கா என்று சொல்வது காதில் விழுந்தது. தூங்கி எழுந்தபின் சொல்லிவிடலாம். டீ குடித்தபின் சொல்லிவிடலாம்.

நாலரை மணிக்கு அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படங்களுக்கெல்லாம் நீலப் பென்சிலால் ஆறு தீட்டிக்கொடுத்தது இந்த அக்காதான். அவள் தீட்டினால் கோட்டைத் தாண்டிவிடும்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு குட்டி."

நாற்பத்துநாலு வயதில் அவளைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள்தான் மிச்சம். வாய் திறந்தது. உள்ளே என்னென்னவோ வரிசையில் நின்றது. கன்னம், காது, கழுத்து எல்லாம் சூடேறியது.

"சொட்டு மருந்து தீரப்போகுது. போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்று அக்கா அவள் முழங்காலில் தட்டினாள். பிறகு தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்துவிட்டு, குழாயைச் சரியாக மூடினாயா, எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரியே இருக்கிறது என்றாள்.

மூடிவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

மருந்துக்கடை பத்து நிமிட நடை. அவள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கடைக்கு எதிரில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளைக் கோத்துக் கோத்துக் கலைத்தாள். எந்த வார்த்தையை முதலில் வைத்தாலும் கடைசியில் குப்பைக்கூடைக்கு வந்து நின்றது. ஆறு மணி தாண்டித் தெருவிளக்குகள் எரிந்தபோது எழுந்தாள். இன்றைக்கு வாசலில் நின்றே சொல்லிவிடுவது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நடந்தாள்.

தெருவில் திரும்பியதும் சத்தம் அவளை எதிர்கொண்டது. இப்போது தரையில் காது வைக்க வேண்டியிருக்கவில்லை. கால் வழியாகவே ஏறியது. கற்கள் உருண்டன. பெரிய கற்கள். மற்றபடி தெருவில் எந்த ஓசையும் இல்லை. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்தது. மரங்களில் ஓர் இலை அசையவில்லை.

டீச்சர் தன் வீட்டு கேட்டில் நின்றார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். எப்போதும் கொண்டை போட்டிருப்பவரின் நரைமுடி அவிழ்ந்து, முகத்துக்கு முன்னால் நீளமாக, தெருவை நோக்கி, அக்கா வீட்டை நோக்கிப் படிந்து அலைந்தது. காற்று இல்லை. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்துத்தான் இருந்தது. இமைக்கவில்லை.

அவள் நிற்கவில்லை. கூப்பிடவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்தாள்.

வாசல். கதவு திறந்திருந்தது. படியில் கால் வைத்ததும் கணுக்கால் வரை குளிர்ந்தது. அடுத்த படியில் முழங்கால் வரை. துணி நனையவில்லை. ஆனால் ஏதோ துணியைப் பற்றி உள்ளே இழுத்தது. நிதானமாக. அவசரமில்லாமல். நிலையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் காலை வைத்தாள். மார்பு. கழுத்து. காதுகள் அடைத்துக்கொண்டன.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவளின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

அத்தான் நாற்காலியில் இருந்தார். ஒரு காலில் பூட்ஸ். அதன் கயிறு நேராக நீண்டு, அடுப்படிப் பக்கம் ஆடியது. மடியிலிருந்து எழும்பிய செய்தித்தாள் அவர் முகத்துக்கு எதிரே அந்தரத்தில் நின்றது. ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம். அவர் அதைப் படிக்கிற மாதிரியே இருந்தார்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். கண்ணாடி இல்லை. கட்டு அவிழ்ந்து, வெள்ளைத் துணி தோளுக்கு மேலே நெளிந்து நெளிந்து மிதந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவளைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது.

"அக்கா."

வாயிலிருந்து சத்தம் வரவில்லை. குமிழ் வந்தது. எலுமிச்சங்காய் அளவுக் குமிழ் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் பாதரசம்போல் மின்னி, தள்ளாடித் தள்ளாடி மேலே போய்க் கூரையில் ஒட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையெங்கும் குமிழ்கள். பெரியதும் சின்னதுமாக, ஒன்றோடொன்று நெருக்கி, நடுங்கிக்கொண்டு. இரண்டு பேருடைய மூச்சும் அங்கே இருந்தது.

அப்போது சொன்னாள்.

"நான் போடலக்கா. அஞ்சு துளையையும் போடல. ஏழாவதைப் பாத்து எழுதிட்டேன். எட்டாவதுல மணல்னு எனக்குத் தெரியும்க்கா. பை என் மேஜைமேலதான் இருந்துது. தெரிஞ்சுதான் ஃபைலை அனுப்பினேன். நீ கேட்டப்பவும் தெரியும்."

ஒவ்வொரு சொல்லும் குமிழாகப் போயிற்று. ஒன்று விடாமல் மேலே போயிற்று. ஐந்து வருடமாகத் தொண்டையில் இருந்ததெல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று இருந்தது. பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இளைப்பாறியது. அந்த நிம்மதியை உணர்ந்த நொடியில், தலைக்கு மேல் நின்ற அந்தக் குளிரிலும் அவள் முகம் எரிந்தது.

அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயிலிருந்து கிளம்பும் குமிழ்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஏற ஏற அக்காவின் கண்கள் அதோடு கூடவே ஏறின. கூரை வரை. மறுபடி கீழே, அவள் வாய்க்கு. ஆசையாக. அடுத்தது எங்கே என்பதுபோல். கையை நீட்டி, இன்னும், இன்னும் என்று விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள்.

அக்காவின் வாயும் திறந்துதான் இருந்தது, சிரித்தபடி, உள்ளே இருட்டாக.

அதிலிருந்து ஒரு குமிழ்கூட வரவில்லை.